அப்பாவுக்கு ஏன் கேன்சர் மாத்திரை? வாசகர் கேள்வி பதில்

போன இதழில் உறுப்புகளில் தழும்பு கட்டும் நோயைப் பற்றி, அதாவது டாக்டர்கள் ஃபைப்ரோசிஸ் என்று சீட்டில் எழுதும் வியாதியைப் பற்றி, அரைப் பக்கம் எழுதியிருந்தேன். வந்து சேர்ந்த கடிதங்களைப் பார்த்தால் நாலு பக்கம் எழுதியிருக்க வேண்டும் போல. பாதி கடிதங்கள் வீட்டில் நோயாளி இருப்பவர்களுடையவை, மீதி மாணவர்களுடையவை. பெயர்களை எடுத்துவிட்டேன், ஒரே மாதிரி கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: என் அப்பாவுக்கு 68 வயது. நுரையீரல் ஃபைப்ரோசிஸ் என்று சொல்லி நின்டெடனிப் என்ற மருந்தைக் கொடுத்திருக்கிறார்கள். தேடிப் பார்த்தால் அது நுரையீரல் புற்றுநோய்க்குக் கொடுப்பது என்று வருகிறது. டாக்டர் எங்களிடம் எதையோ மறைக்கிறாரா சார்? அப்பாவிடம் இன்னும் வாய் திறக்கவில்லை.

பதில்: ஒன்றும் மறைக்கவில்லை அம்மா. இன்றைக்கே அப்பாவிடம் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் அவரே தேடிப் பார்த்துவிட்டு நீங்கள்தான் மறைக்கிறீர்கள் என்று நினைத்துக்கொள்வார்.

அந்த மருந்து பிறந்தது கேன்சருக்காகத்தான், அது உண்மை. ஒரு கட்டி கொஞ்சம் பெரிதானால் அதற்குத் தனியாக இரத்தக் குழாய் வேண்டும், அதனால் சுற்றியுள்ள திசுவுக்குச் சமிக்ஞை அனுப்பி புதுக் குழாய்களை வரவழைத்துக்கொள்ளும். அந்தச் சமிக்ஞையை வாங்கும் மூன்று வகை ஏற்பிகளை அடைப்பதற்காக நின்டெடனிப்பை உருவாக்கினார்கள். அப்புறம்தான் ஒரு விஷயம் கவனத்துக்கு வந்தது. தழும்பை நெய்கிற ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களும் இதே ஏற்பிகளை வைத்துக்கொண்டுதான் 'பெருகு, நகர்ந்து போ, கொலாஜன் என்ற நார்ப் புரதத்தைக் கொட்டு' என்ற உத்தரவை வாங்குகின்றன. சரி, அங்கேயும் அடைத்துப் பார்ப்போமே என்று நுரையீரல் ஃபைப்ரோசிஸ் நோயாளிகளிடம் சோதித்தார்கள். 2014 அக்டோபரில் அமெரிக்காவின் மருந்து ஆணையமான எஃப்டிஏ அனுமதி கொடுத்தது, அதே நாளில் பிர்ஃபெனிடோன் என்ற இன்னொரு மருந்துக்கும் சேர்த்து. அடுத்த மாதமே ஐரோப்பாவில் நின்டெடனிப்புக்கு ஒரு வகை நுரையீரல் புற்றுநோய்க்கும் அனுமதி கிடைத்தது, வேறொரு கீமோ மருந்தோடு சேர்த்துக் கொடுக்க. ஒரே மூலக்கூறு, ஒஃபெவ் என்று ஒரு பெட்டி, வர்காடெஃப் என்று இன்னொரு பெட்டி. உங்கள் அப்பாவின் அளவு பெரும்பாலும் ஒரு வேளைக்கு 150 மில்லிகிராமாக இருக்கும், கேன்சர் நோயாளிக்கு 200.

இதைவிட முக்கியமாக நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது வேறு. இந்த மாத்திரையைச் சாப்பிட்டால் மூச்சிரைப்பு குறையும் என்று காத்திருக்காதீர்கள். பெரிய சோதனைகளில், ஒப்பிட்டுப் பார்க்க மருந்தே இல்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்கள் மூச்சுக் கொள்ளளவில் ஆண்டுக்கு 200 முதல் 240 மில்லி வரை இழந்தார்கள், மருந்து சாப்பிட்டவர்கள் சுமார் 115 மில்லி. சரிவு பாதியாகிறது, நிற்பதில்லை. சாப்பிடுபவருக்கு உடம்பில் எந்த முன்னேற்றமும் தெரியாது, பேதி மட்டும் நன்றாகத் தெரியும். சோதனையில் நூற்றுக்கு அறுபதுக்கும் மேற்பட்டவர்களுக்கு வயிற்றுப்போக்கு வந்தது. 'மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை, ஒரு பலனும் இல்லை' என்று பலர் தாங்களாகவே நிறுத்திவிடுவது இதனால்தான். நிறுத்த வேண்டாம், டாக்டரிடம் சொல்லுங்கள். பேதிக்கு மாத்திரை கொடுப்பார், தேவைப்பட்டால் 100 மில்லிகிராமாகக் குறைப்பார். கல்லீரலுக்கான இரத்தப் பரிசோதனையையும் தவறவிடாதீர்கள்.

கேள்வி: நான் வேதியியல் இரண்டாமாண்டு படிக்கிறேன். சிறு மூலக்கூறு மருந்து என்கிறீர்களே, எவ்வளவு சிறியது? பெரிய மூலக்கூறு மருந்து என்று ஒன்று இருக்கிறதா?

பதில்: இருக்கிறது தம்பி. மூலக்கூறின் எடையை டால்டன் என்ற அலகில் சொல்வார்கள். தண்ணீர் 18 டால்டன், ஆஸ்பிரின் 180, பிர்ஃபெனிடோன் 185, இரத்தப் புற்றுநோய் மாத்திரையான இமாடினிப் 494. இதெல்லாம் சிறு மூலக்கூறு. ஊசியில் ஏற்றும் ஆன்டிபாடி மருந்துகள் சுமார் 1,50,000. அவற்றை விழுங்கினால் வயிறு புரதம் என்று செரித்துவிடும், ஊசியில் போட்டாலும் அவை செல்லுக்கு வெளியே நின்று வேலை செய்பவை. சின்னவன் விழுங்கினாலும் தாங்குவான், செல்லின் சவ்வைத் தாண்டி உள்ளே போய் ஒரு நொதியின் குழிக்குள் உட்கார்ந்துகொள்வான். அவனுடைய சௌகரியமும் அதுதான், ஆபத்தும் அதுதான், ஏனென்றால் அதே வடிவக் குழி உள்ள வேறு நொதிக்குள்ளும் போய் உட்கார்ந்துவிடுவான்.

1997-ல் கிறிஸ்டோபர் லிபின்ஸ்கி என்ற வேதியியலாளர் ஒரு தோராயக் கணக்குச் சொன்னார். எடை 500 டால்டனுக்குள், ஹைட்ரஜன் பிணைப்புக்குக் கொடுக்கும் இடங்கள் ஐந்துக்குள், வாங்கும் இடங்கள் பத்துக்குள், எண்ணெய்ப் பசை ஓர் எல்லைக்குள் இருந்தால் வாய்வழி மருந்தாக வேலை செய்ய வாய்ப்பு அதிகம் என்றார். வேதவாக்கு இல்லை, நின்டெடனிப்பே 540 பக்கம் வருகிறது. ஆனால் மருந்து வேதியியல் துறையில் நுழையும் எல்லோரும் முதல் வாரத்தில் மனப்பாடம் செய்வது இதைத்தான்.

நீங்கள் வேதியியல் மாணவர் என்பதால் இமாடினிப் எப்படி உருவானது என்று கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். ஒரு வகை இரத்தப் புற்றுநோயில் இரண்டு மரபணுத் துண்டுகள் தப்பாக ஒட்டிக்கொண்டு, நிறுத்தவே முடியாத ஒரு கைனேஸை, அதாவது செல்லுக்குள் சமிக்ஞையைக் கடத்தும் நொதியை, உண்டாக்கிவிடுகின்றன. அதை அடைக்க பீனைல் அமினோ பிரிமிடின் என்ற சாதாரணமான ஒரு கூட்டிலிருந்து தொடங்கினார்கள். ஓர் ஓரத்தில் பிரிடின் வளையத்தை மாட்டினார்கள், செல்லுக்குள் வேலை செய்யும் திறன் கூடியது. அமைடு தொகுதி ஒன்றைச் சேர்த்தார்கள், வேண்டிய கைனேஸைப் பிடித்தது. ஆனால் வேண்டாத இன்னொரு கைனேஸையும் அது பிடித்துக்கொண்டிருந்தது. அங்கே நடுவளையத்தில் ஒரே ஒரு மெத்தில் தொகுதியை, ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும்தான், சரியான மூலையில் வைத்தார்கள். மூலக்கூறு லேசாகத் திருகிக்கொண்டது, வேண்டாத நொதிக்குள் நுழைய முடியாமல் போயிற்று. கடைசியில் தண்ணீரில் கரையவேண்டுமே என்று மெத்தில் பைப்பரசீன் வாலைக் கட்டினார்கள். 2001 மே மாதம் எஃப்டிஏ அனுமதி.

அந்த வாலின் அருமை அனுபவித்தவனுக்குத்தான் தெரியும். நான் சோதனைச்சாலையில் இருந்தபோது எங்கள் குழு எட்டு மாதம் செதுக்கிய ஒரு சேர்மம், நொதியை அபாரமாக அடைத்தது. எலிக்குக் கொடுக்கலாம் என்று குப்பியில் திரவத்தை ஊற்றிக் குலுக்கினோம், அப்படியே மணல் மாதிரி அடியில் உட்கார்ந்துகொண்டது. சூடாக்கினோம், புளிப்பாக்கினோம், கெஞ்சாத குறைதான். கரையவில்லை. எட்டு மாதமும் அந்தக் குப்பியின் அடியில்.

கேள்வி: எல்லா கேன்சர் மருந்தும் ஏன் 'னிப்' 'னிப்' என்றே முடிகிறது?

பதில்: நல்ல காது உங்களுக்கு. அடைப்பான் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் சுருக்கம் அது. 'டினிப்' என்று முடிந்தால் டைரோசின் கைனேஸ் அடைப்பான், 'அனிப்' என்று முடிந்தால் இரத்தக் குழாய் முளைப்பதை அடைப்பது. நின்டெடனிப்பை இப்போது மறுபடியும் வாசித்துப் பாருங்கள், அது எந்த வீட்டுப் பிள்ளை என்று பெயரிலேயே எழுதியிருக்கிறது. முதல் கேள்வி கேட்ட பெண்ணுக்கு இதையே பதிலாகச் சொல்லியிருக்கலாம்.

கேள்வி: தழும்பு உருவாவதைத் தாமதப்படுத்துகிறது என்றே எல்லா டாக்டரும் சொல்கிறார்கள். உருவான தழும்பைக் கரைக்க ஒரு மாத்திரை கண்டுபிடிப்பது அவ்வளவு கஷ்டமா? வெறும் கொலாஜன்தானே?

பதில்: 'வெறும்' என்ற சொல்லில்தான் சிக்கல் இருக்கிறது. உடம்பின் தோல், எலும்பு, இரத்தக் குழாய்ச் சுவர் எல்லாவற்றையும் தாங்குவது கொலாஜன். தழும்பில் இருப்பதும் அதுதான். தழும்பில் மட்டும் கரைத்துவிட்டுச் சுவரை விட்டுவிடு என்று ஒரு மாத்திரைக்கு எப்படிச் சொல்வது? அதனால் கொலாஜனைத் தொடாமல், அதை நெய்கிற செல்லை அடக்கப் பார்க்கிறார்கள்.

அந்தச் செல்லுக்கு மயோஃபைப்ரோபிளாஸ்ட் என்று பெயர். பாதி நார் செல், பாதி தசை செல். காயம் பட்டதும் வந்து காயத்தின் விளிம்புகளைப் பிடித்து இழுக்கும், நாரைக் கொட்டும், வேலை முடிந்ததும் செத்துப்போகும். ஃபைப்ரோசிஸில் அது சாவதில்லை. ஏன்? ஒரு காரணம் சோதனைச்சாலையில் கண்ணால் பார்க்கக்கூடியது. ஆரோக்கியமான நுரையீரல் சுமார் 2 கிலோபாஸ்கல் கெட்டி, கிட்டத்தட்ட ஜெல்லி. ஃபைப்ரோசிஸ் வந்த நுரையீரல் சராசரியாக 16 வரை போகிறது. சாதுவான ஒரு நார் செல்லை மெதுவான ஜெல் மேல் வைத்தால் சும்மா இருக்கிறது. அதையே கெட்டியான பிளாஸ்டிக் தட்டில் வைத்தால் வேறு எந்த மருந்தும் ஊற்றாமலே இரண்டு மூன்று நாளில் தட்டையாக விரிந்து, உள்ளே கயிறு கயிறாக இழை கட்டி, மயோஃபைப்ரோபிளாஸ்டாக மாறுகிறது. அதாவது தழும்பின் கெட்டித்தனமே அடுத்த தழும்புக்கு உத்தரவு. நோய் தொடங்கிய காரணம் போன பிறகும் இது ஓடிக்கொண்டே இருக்கும்.

இதற்கெல்லாம் தலைமை உத்தரவு டிஜிஎஃப்-பீட்டா என்ற புரதம். அதன் ஏற்பியை அடைக்கும் சிறு மூலக்கூறுகளைச் செய்வது வேதியியலாளர்களுக்குப் பெரிய காரியமாக இருக்கவில்லை, செய்தும் விட்டார்கள். ஆனால் அதே புரதம்தான் நோயெதிர்ப்பு செல்களைக் கட்டுக்குள் வைக்கிறது, ஆரம்பக் கட்டத்தில் கேன்சர் செல் பெருகாமலும் தடுக்கிறது. அந்த மரபணுவே இல்லாமல் பிறந்த எலிகள் சில வாரங்களில் உடம்பெல்லாம் அழற்சி வந்து செத்துப்போயின. ஏற்பி அடைப்பான்களைக் கொடுத்த எலிகளில் இதய வால்வுகள் பழுதாயின. கேன்சருக்காகச் சோதித்த கலுனிசெர்டிப் என்ற மருந்தை 14 நாள் கொடு, 14 நாள் நிறுத்து என்று கொடுத்ததற்கு இந்த இதய பயம்தான் காரணம். கேன்சர் நோயாளிக்கு அந்தக் கணக்கு சரிப்படலாம், ஃபைப்ரோசிஸ் நோயாளி ஆண்டுக்கணக்கில் தினமும் விழுங்க வேண்டியவர். ஒரே இலக்கு, ஆனால் தாங்கக்கூடிய பக்கவிளைவு வேறு வேறு. இந்தத் துறையில் மருந்துகள் விழுந்த இடங்களைப் பார்த்தால் பாதிக்கு மேல் இங்கேதான் வந்து நிற்கும் என்பது என் அபிப்பிராயம்.

உத்தரவை எல்லா இடத்திலும் அடைக்காமல், அது விழித்துக்கொள்ளும் இடத்தில் மட்டும் அடைக்கலாமே என்று, அதை எழுப்பிவிடும் இன்டெக்ரின் என்ற செல்பரப்புப் புரதத்தை அடைக்கும் மருந்துகள் வந்தன. அழகான யோசனை, எனக்கும் ரொம்பப் பிடித்திருந்தது. பெக்ஸோடெக்ராஸ்ட் என்ற மாத்திரை முதல் கட்டங்களில் நன்றாகத்தான் போயிற்று. பெரிய சோதனையைக் கண்காணிப்புக் குழுவின் பரிந்துரையின் பேரில் 2025-ல் நிறுத்தினார்கள்.

ஆனால் ஈரல் விஷயத்தில் உங்கள் கேள்விக்கு வேறு பதில் இருக்கிறது. ஹெபடைடிஸ் பி நோயாளிகளுக்கு டெனோஃபோவிர் என்ற சிறு மூலக்கூறைக் கொடுத்து, ஐந்து ஆண்டுகள் கழித்து மறுபடியும் ஈரலில் ஊசி குத்தித் திசு எடுத்துப் பார்த்த ஆய்வு 2013-ல் வெளியானது. தொடக்கத்தில் சிரோசிஸ், அதாவது ஈரல் முழுக்கத் தழும்பு கட்டிய முற்றிய நிலை, இருந்த 96 பேரில் 71 பேருக்கு இப்போது சிரோசிஸ் இல்லை. அந்த மருந்துக்குத் தழும்பைப் பற்றி ஒன்றுமே தெரியாது, வைரஸை மட்டும்தான் அடக்கியது. மீதியை ஈரலே பார்த்துக்கொண்டது. ஈரலில் கொழுப்பு சேர்ந்து வரும் தழும்புக்கு 2024 மார்ச்சில் ரெஸ்மெடிரோம் என்ற முதல் மாத்திரைக்கு அனுமதி கிடைத்ததும் இந்த வழியில்தான். தைராய்டு ஹார்மோன் ஏற்பியில் ஒரு வகையைத் தூண்டி ஈரல் கொழுப்பை எரிக்கிறது, தழும்பு பின்னால் வருகிறது. ஓராண்டில் தழும்பு ஒரு படியாவது குறைந்தவர்கள் நூற்றுக்கு 24 முதல் 26 பேர், வெற்று மாத்திரையில் 14 பேர். பெரிய வித்தியாசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வெற்று மாத்திரைக்காரர்களில் 14 பேருக்கு எப்படிக் குறைந்தது என்று யோசித்தீர்களா? ஈரலுக்குத் தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும் குணம் உண்டு, திசு எடுக்கும் இடத்தைப் பொறுத்தும் முடிவு கொஞ்சம் மாறும். நுரையீரலிடம் அந்தத் தாராளம் கிடையாது.

கேள்வி: 'ஃபைப்ரோசிஸுக்கு மருந்து, எலிகளில் முழுக் குணம்' என்று வருஷத்துக்கு நாலு செய்தி வாசிக்கிறேன். அந்த மருந்தெல்லாம் எங்கே போகிறது?

பதில்: எலிகளிடமே தங்கிவிடுகிறது. கேலி இல்லை, காரணம் சொல்கிறேன். எலிக்கு இந்த நோயை வரவைக்கப் பெரும்பாலும் மூச்சுக்குழாயில் பிளியோமைசின் ஊற்றுவார்கள். அது ஒரு கேன்சர் மருந்து, மனிதர்களுக்கே நுரையீரலில் தழும்பை உண்டாக்கிவிடும் என்பதால் எச்சரிக்கையாகக் கொடுப்பது. எலிக்கு ஒரே தடவை கொடுத்தால் முதல் வாரம் அழற்சி, இரண்டாம் மூன்றாம் வாரம் தழும்பு, அதற்குப் பிறகு இளம் எலி மெல்லத் தானே குணமாகிவிடும். இந்த எலிக்கு முதல் நாளே மருந்தைத் தொடங்கினால் அழற்சியைக் குறைத்தாலே போதும், தழும்பு குறைந்த மாதிரி தெரியும். உங்கள் வீட்டுப் பெரியவருக்கு நோய் தெரியவரும்போது தழும்பு ஏற்கெனவே வருஷக்கணக்கில் கட்டியிருக்கும், தானாகக் குணமாவதும் கிடையாது. அடுத்த முறை செய்தி வந்தால் ஒரே ஒரு விஷயத்தைத் தேடுங்கள்: மருந்தை எந்த நாளில் தொடங்கினார்கள்? பத்தாம் நாளுக்குப் பிறகு என்றிருந்தால் மேலே வாசிக்கலாம்.

இமாடினிப்பும் இப்படி எலியில் ஜெயித்ததுதான். 119 நோயாளிகளிடம் 96 வாரம் கொடுத்துப் பார்த்து 2010-ல் முடிவு வந்தது. மூச்சிலும் முன்னேற்றமில்லை, ஆயுளிலும் இல்லை.

கேள்வி: ஸ்டீராய்டு கொடுத்தால் தழும்பு அடங்காதா? முன்பெல்லாம் அதைத்தானே கொடுத்தார்கள்?

பதில்: கொடுத்தார்கள், பல பத்தாண்டுகள் கொடுத்தார்கள். காரணம் தெரியாமல் வரும் நுரையீரல் ஃபைப்ரோசிஸுக்கு ஸ்டீராய்டு, அசதயோபிரின், அசிடைல்சிஸ்டீன் மூன்றையும் சேர்த்துக் கொடுப்பதுதான் வழக்கமாக இருந்தது. ஒருவழியாக வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள், 2012-ல் முடிவு வெளியானது. சேர்த்துக் கொடுத்த 77 பேரில் 8 பேர் இறந்திருந்தார்கள், வெற்று மாத்திரை சாப்பிட்ட 78 பேரில் ஒருவர். சோதனையைப் பாதியில் நிறுத்தினார்கள். வேறு சில நுரையீரல் நோய்களில் ஸ்டீராய்டுக்கு இன்றும் இடமுண்டு, அதனால் இதை வாசித்துவிட்டு யாரும் தங்கள் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி: அம்மாவுக்குக் கணையப் புற்றுநோய். கட்டியைச் சுற்றி நார்த்திசு மதில் மாதிரி இருப்பதால் கீமோ உள்ளே போகாது என்றார்கள். அந்த மதிலை இடிக்க ஃபைப்ரோசிஸ் மருந்தையே கொடுக்கலாமே?

பதில்: இந்தக் கேள்வியை ஆராய்ச்சியாளர்களும் கேட்டார்கள். கேட்டு, செய்தும் பார்த்தார்கள்.

ஹெரால்ட் டிவோராக் என்ற நோயியல் நிபுணர் 1986-ல் ஒரு கட்டுரை எழுதினார். கட்டி என்பது ஆறாத புண் என்றார் அதில். புண்ணை ஆற்ற உடம்பு அனுப்பும் அத்தனை பேரையும், இரத்தக் குழாய், நார் செல், அழற்சி செல் என்று, கட்டி தனக்கு வேலையாளாக வைத்துக்கொள்கிறது. அதில் நார் அதிகம் சேரும் கட்டி கணையத்தில் வருவது. நுண்ணோக்கியில் பார்த்தால் எங்கும் நார், அதன் நடுவே அங்கங்கே தீவு போல கேன்சர் செல்கள், நசுங்கிப்போன இரத்தக் குழாய்கள். மருந்து போக வழியில்லை என்று உங்களிடம் சொன்னவர் சரியாகத்தான் சொன்னார்.

2009-ல் எலிகளில் ஹெட்ஜ்ஹாக் என்ற சமிக்ஞையை அடைக்கும் ஒரு சிறு மூலக்கூறைக் கொடுத்தார்கள். நார் குறைந்தது, இரத்தக் குழாய் கூடியது, கீமோ உள்ளே போயிற்று, எலிகள் கூடுதல் நாள் வாழ்ந்தன. எல்லோருக்கும் ஒரே உற்சாகம். நோயாளிகளிடம் சோதனை தொடங்கியது. 2012 ஜனவரியில் நிறுத்தினார்கள், ஏனென்றால் மருந்து சேர்த்துக்கொண்டவர்கள் வெறும் கீமோ எடுத்தவர்களைவிடச் சீக்கிரம் இறந்துகொண்டிருந்தார்கள். இரண்டு ஆண்டு கழித்து வேறு வேறு குழுக்கள் எலியில் நார் செல்களையே ஒழித்துக்கட்டிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. கட்டிகள் இன்னும் மூர்க்கமாகப் பரவின. மதில் மருந்தை உள்ளே விடாமல் வைத்திருந்தது, கேன்சரை வெளியே விடாமலும் வைத்திருந்தது.

அதற்காக அந்த வழியே மூடிவிட்டது என்று நினைக்காதீர்கள். மதிலை இடிப்பதற்குப் பதில், நார் செல்லும் கேன்சர் செல்லும் பேசிக்கொள்ளும் ஒரு கம்பியை மட்டும் வெட்டலாம் என்று பார்க்கிறார்கள். எஃப்ஏகே என்ற கைனேஸ் அப்படி ஒன்று, செல் தன் காலடித் திசுவின் கெட்டித்தனத்தை உணர்வதே அதன் வழியாக. அதை அடைக்கும் டெஃபாக்டினிப்புக்கு 2025 மே மாதம் இன்னொரு மருந்தோடு சேர்த்து ஒரு வகைச் சினைப்பைப் புற்றுநோய்க்கு அனுமதி கிடைத்தது. கணையத்துக்கு அல்ல. உங்கள் அம்மாவுக்கு இப்போது நடக்கும் சிகிச்சையை விட்டு நார் மருந்து தேடி அலைய வேண்டாம். ஆனால் கட்டியின் மரபணுப் பரிசோதனை செய்தார்களா என்று கேளுங்கள். கணையக் கட்டிகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் கேஆர்ஏஎஸ் மரபணு பழுதாகியிருக்கும், நாற்பது ஆண்டுகளாக மருந்தே பிடிக்காது என்று கைவிடப்பட்டிருந்த புரதம் அது. 2013-ல் கெவன் ஷோகாட்டின் குழு அதில் ஒளிந்திருந்த ஒரு குழியைக் கண்டுபிடித்தது, 2021 மே மாதம் சோடோராசிப் என்ற மாத்திரை வந்தது, நுரையீரல் கேன்சருக்கு. அது பிடிக்கும் குறிப்பிட்ட பழுது கணையத்தில் அரிது, ஆனாலும் கேட்பதில் நஷ்டமில்லை.

கேள்வி: ஈரலில் தழும்பு இருந்தால் அது கேன்சராக மாறுமா?

பதில்: தழும்பே மாறாது. ஆனால் ஈரல் செல்லில் தொடங்கும் புற்றுநோய்களில் பெரும்பாலானவை சிரோசிஸ் வந்த ஈரலில்தான் வருகின்றன. செத்துச் செத்துப் புதிதாகப் பெருகும் செல்களில் பிழைகள் சேரும். சிரோசிஸ் இருப்பவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்துப் பார்க்கச் சொல்வது இதற்காக. நன்றாக இருக்கிறோமே என்று தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: மயலோஃபைப்ரோசிஸ் என்பது தழும்பு நோயா, கேன்சரா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

பதில்: கேன்சர். எலும்பு மஜ்ஜையில் பழுதான இரத்த ஸ்டெம் செல்கள் பெருகி, அக்கம்பக்கத்து நார் செல்களை உசுப்பி மஜ்ஜையை நாராக்கிவிடுகின்றன. பாதிப் பேரிடம் காணப்படும் ஜேஏகே2 என்ற மரபணுவின் பழுது 2005-ல் தெரியவந்தது, ஆறே ஆண்டில் ருக்ஸோலிடினிப் மாத்திரை வந்தது. வீங்கிய மண்ணீரல் சுருங்கும், காய்ச்சலும் வியர்வையும் குறையும், ஆள் தெம்பாவார். மஜ்ஜையில் உள்ள நார் மட்டும் பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

கேள்வி: செயற்கை நுண்ணறிவு இந்த மருந்தையெல்லாம் சீக்கிரம் கண்டுபிடித்துவிடும் என்கிறார்களே? நீங்கள் நம்புகிறீர்களா?

பதில்: பாதி நம்புகிறேன். இந்தத் துறையிலேயே உதாரணம் இருக்கிறது. இன்சிலிகோ மெடிசின் என்ற நிறுவனம் டிஎன்ஐகே என்ற கைனேஸை இலக்காகக் கணினி வழியே தேர்ந்தெடுத்து, அதற்கான மூலக்கூறையும் கணினி வழியே வரைந்தது. ரென்டோசெர்டிப் என்று பெயர். 2025-ல் வெளியான இரண்டாம் கட்டச் சோதனையில் 71 பேர், 12 வாரம். அதிக அளவு எடுத்தவர்களின் மூச்சுக் கொள்ளளவு சராசரியாக 98 மில்லி கூடியது, வெற்று மாத்திரைக்காரர்களுக்கு 20 மில்லி குறைந்தது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 71 பேரை நாலு பிரிவாகப் பிரித்தால் ஒரு பிரிவில் இருபது பேர்கூட வராது, 12 வாரம் என்பது இந்த நோயில் ஒரு கண் சிமிட்டல். இதைவிட நல்ல கணக்கோடு வந்து மூன்றாம் கட்டத்தில் கவிழ்ந்த மருந்துகளை நான் பார்த்திருக்கிறேன். கணினி மிச்சப்படுத்துவது வேதியியலாளரின் நேரத்தை, எங்கள் எட்டு மாதத்தை எட்டு வாரமாக்கியிருக்கும். நோயாளியிடம் ஓராண்டு கொடுத்துப் பார்க்க ஓராண்டுதான் ஆகும்.

கேள்வி: அண்ணனுக்கு நுரையீரல் ஃபைப்ரோசிஸ். புது மருந்துச் சோதனையில் சேரச் சொல்கிறார்கள். வெற்று மாத்திரை கொடுத்து ஏமாற்றிவிட்டால்?

பதில்: வெற்று மாத்திரை கிடைக்கலாம் என்பதைக் கையெழுத்து வாங்கும் தாளிலேயே எழுதியிருப்பார்கள், எழுதாவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள். இப்போது பல சோதனைகளில் நின்டெடனிப்போ பிர்ஃபெனிடோனோ சாப்பிடுபவர்கள் அதைத் தொடர்ந்துகொண்டே சேரலாம், மேலதிகமாகத்தான் புது மருந்தோ வெற்று மாத்திரையோ. இதை முதலில் கேளுங்கள். எந்தக் கட்டச் சோதனை, எத்தனை வாரம், இடையில் விலகலாமா, பக்கவிளைவு வந்தால் செலவு யாருடையது, முடிந்தபிறகு மருந்து தொடர்ந்து கிடைக்குமா, இதையெல்லாம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பத்தாண்டுக்கும் மேலாக இரண்டே மருந்து இருந்த இந்த நோய்க்கு 2025 அக்டோபரில் நெராண்டோமிலாஸ்ட் என்ற மூன்றாவது மாத்திரை வந்தது, அதுவும் உங்கள் அண்ணனைப் போல யாரோ வெற்று மாத்திரை சாப்பிட ஒத்துக்கொண்டதால்தான். சேருங்கள் என்றோ வேண்டாம் என்றோ நான் சொல்ல மாட்டேன், அண்ணன் சொல்லட்டும்.

கேள்வி: பிர்ஃபெனிடோன் சாப்பிடுகிறேன். சாயங்காலம் ஒரு நடை போய்விட்டு வந்தாலே முகமும் கழுத்தும் சுட்ட மாதிரி சிவக்கிறது. அலர்ஜியா?

பதில்: பெரும்பாலும் மருந்தின் வேலை. இந்த மூலக்கூறு தோலை வெயிலுக்குக் கூசவைக்கும். முழுக்கைச் சட்டை, தொப்பி, குப்பியில் எஸ்பிஎஃப் 50 என்று போட்ட சன்ஸ்கிரீன், வெயில் இறங்கிய பிறகு நடை. மாத்திரையைச் சாப்பாட்டோடு விழுங்குங்கள், குமட்டலும் குறையும். புகைப்பவராக இருந்தால் விட்டுவிடுங்கள், புகை ஈரலில் இந்த மருந்தை உடைக்கும் நொதியைக் கூட்டிவிடும், விழுங்கிய மாத்திரையில் பாதி வீணாகும். சிப்ரோஃப்ளாக்ஸசின் என்ற ஆன்டிபயாடிக் அதற்கு நேர்மாறு, மருந்தை உடம்பிலேயே தேக்கும். அதனால் வேறு எதற்காவது வேறு டாக்டரிடம் போனாலும் இந்த மாத்திரைப் பெட்டியைக் கையோடு எடுத்துப்போய்க் காட்டுங்கள். சிவப்பு கொப்புளமாகவோ உடம்பு முழுக்கத் தடிப்பாகவோ மாறினால், முகம் வீங்கினால், அது வேறு விஷயம். அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.